மாரீஸ்வரியின் பயந்த கோளாறு

மலையடிவார ஊரான லோயர் கேம்ப்பின் பெண்கள் பாஸ்கட்பால் அணியில் மாரீஸ்வரி தூரத்தில் நின்று எறிந்தால் பந்து வளையத்துக்குள் விழும் என்பதில் தேனி மாவட்டத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதே மாரீஸ்வரி மாவட்டத்தைத் தாண்டிப் போய் எறிந்தால் விழாது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கம்பத்தில் அவள் வேலை பார்க்கும் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு டீசல் பில்டர் வாங்க வருகிறவர்கள்கூட, "என்னத்தா, இந்த வருசமும் செமி பைனலோட திரும்பிருவீகளா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சாமானைக் கையில் வாங்குவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பில்டரை எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் போனபிறகு முகம் சுருங்கும்.

அவளுக்கு வயது முப்பதை ஒட்டி. அப்பா கால்வாய் மதகு திறந்து மூடும் வேலையில் இருந்ததால் லோயர் கேம்ப்பில்தான் பிறந்து வளர்ந்தாள். மின்நிலையக் குடியிருப்பின் மைதானத்தில், நடக்கப் பழகிய கையோடு பந்து எறியவும் பழகிவிட்டாள் என்று சொல்வார்கள். கம்பத்தில் கல்யாண மண்டப மேனேஜராக இருக்கும் சுரேஷ்கண்ணனைக் கட்டிக்கொண்டு போனபிறகும் ஆட்டத்தை விடவில்லை. சாயங்காலம் கடையை விட்டதும் பஸ் ஏறி லோயர் கேம்ப் போவாள். இருட்டுகிற வரை ஆடிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். பொண்ணு பார்க்க வந்தபோதே இதைப் பேசி முடிவு செய்துவிட்டாள். நகை எவ்வளவு என்று கேட்டவர்களிடம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்ட பெண் அவள்.

அணி நல்ல அணி. அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் சிம்ரன் வளையத்துக்குக் கீழே நின்றால் பீரோவை நகர்த்துகிற மாதிரிதான் அவளை நகர்த்த வேண்டும். கல்லூரிப் பெண் ஓவியா வாயும் ஓயாது, காலும் ஓயாது. மாநிலக் கிளப் போட்டியின் முதல் சுற்றுகள் தெற்கு மாவட்டங்களுக்குத் தேனியில், திறந்தவெளி மைதானத்தில் நடக்கும். அங்கே லோயர் கேம்ப் அணி மற்ற அணிகளை ஊதித் தள்ளும். வெளியூர்ப் பெண்கள் எறிகிற பந்தெல்லாம் வளையத்தை விட்டு விலகி ஓடும். "நம்மளப் பாத்ததும் கை உதறுது அவளுகளுக்கு" என்று ஓவியா பெருமையடிப்பாள். அதன்பிறகு கடைசியில் மிஞ்சும் நாலு அணிகள் கோயம்புத்தூர் போய் உள்ளரங்கத்தில் மோத வேண்டும். அங்கே போனதும் கை உதறுவது லோயர் கேம்ப்பின் முறையாகிவிடும்.

மூன்று வருடமாக இதே கதை. முதல் வருடம் தோற்றபோது வழியில் சாப்பிட்ட புரோட்டாவின் மேல் பழி போட்டார்கள். இரண்டாவது வருடம் புதுச் சட்டையின் நிறம் ராசியில்லை என்றார்கள். மூன்றாவது வருடம் பழி போட ஒன்றும் மிச்சமில்லாததால் மாரீஸ்வரியின் மேல் போட்டார்கள். போடும்படிதான் அவளும் ஆடியிருந்தாள். முதல் மூன்று பந்துகளும் வளையத்தைத் தொடாமல் போனதும், அப்புறம் எறியவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கையில் வந்த பந்தையெல்லாம் சூடு பட்டது போல அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டாள். கோச் ஏசுதாசன் மின்நிலையத்தில் ஆபரேட்டர். தங்கமான மனுஷன், அதட்டிப் பேசத் தெரியாது. "லோடு கூடுனா ட்ரிப் ஆயிருது தாயி, அம்புட்டுத்தேன்" என்று அவர் ஆறுதலாகச் சொன்னது, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றும்படி இருந்தது.

அல்லிநகரத்தில் இருக்கும் அவளுடைய நாத்தனார் மொக்கம்மாள் இதை அப்படியே விட்டுவிடுகிற ஆள் இல்லை. "இது பயந்த கோளாறு. வேப்பிலை அடிச்சாச் சரியாப் போயிரும்" என்று ஒரு பூசாரியிடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நாய்க்குப் பயந்தவர்கள், மோட்டார் ரூமில் கரண்ட் அடித்துப் பயந்தவர்கள், ஒற்றை யானையைப் பார்த்துப் பயந்தவர்கள் எல்லாரையும் பார்த்தவர் அவர். "எதப் பாத்துத் தாயி பயந்த?" என்று கேட்டார். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு, "இரும்பு வளையத்தப் பாத்துங்க" என்றாள். பூசாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தடவை கூடுதலாக அடித்து, கறுப்புக் கயிறு கட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் சுரேஷ்கண்ணனிடம் சொன்னாள். "இந்த ஒரு வருசம் ஆடுறேன். அங்கன போயி மறுபடியும் கை உதறுனா, பந்தத் தூக்கி ஓவியாகிட்டக் கொடுத்துட்டு வந்துர்றேன். பயந்தாங்கொள்ளிய வச்சுக்கிட்டு அவுக எத்தன வருசந்தான் தோப்பாக?" ஆட்டம் இல்லாத மாரீஸ்வரியைச் சுரேஷ்கண்ணன் கற்பனை செய்து பார்த்தான். பிடிக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் சேலத்திலிருந்து ஒரு பெண்கள் அணி தேக்கடி பார்க்க வேனில் வந்தது. போகிற வழியில் லோயர் கேம்ப்பில் இறங்கி ஒரு நட்பு ஆட்டம் ஆடலாம் என்று கேட்டார்கள். பெயர் பெற்ற அணி. ஏசுதாசன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஆட்டம் தொடங்கியதும் பார்த்தால், சேலத்துப் பெண்களின் பந்து ஒன்றுகூட உருப்படியாகப் போகவில்லை. மாரீஸ்வரி நின்ற இடத்திலிருந்தெல்லாம் போட்டுத் தள்ளினாள். ஆட்டம் முடிந்து எல்லாரும் மோர் குடிக்கும்போது ஓவியா, "எங்க கோர்ட்டுக்கு வந்தா எல்லாருக்கும் கை உதறத்தேன் செய்யும்க்கா, விடுங்க" என்று பெரிய மனசோடு சமாதானம் சொன்னாள்.

சேலம் அணியின் கேப்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கையெல்லாம் ஒண்ணும் உதறலைங்க. இந்தக் காத்துல நீங்க எப்படித்தான் ஷூட் பண்றீங்களோ தெரியல."

"எந்தக் காத்து?" என்று கேட்டாள் சிம்ரன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். கேட்கும்போது அவள் கையிலிருந்த காகித டம்ளர் பறந்துபோய்க் கிழக்கு வேலியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மலை இடுக்கிலிருந்து இறங்குகிற மேல்காற்று வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரை நிற்காது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது காற்று இல்லை, வெறும் சாயங்காலம். சேலத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டே வேன் ஏறிப் போனார்கள். மாரீஸ்வரி மட்டும் டம்ளர் ஒட்டியிருந்த வேலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மண்டபங்களுக்கு அது தூங்குகிற மாதம். சுரேஷ்கண்ணன் அண்டா குண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவு ஜன்னலெல்லாம் சாத்திய ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மாரீஸ்வரி பந்தோடு உள்ளே வந்து, "ஏங்க, ஒரு பூக்கூடை கொடுங்க" என்றாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. அவள் கேட்டபடியே அடியை வெட்டி, மாடிக் கைப்பிடிச் சுவரில் வளையத்தின் உயரத்துக்குக் கட்டிக் கொடுத்தான்.

அவள் தூரத்தில் நின்று எறிந்தாள். பந்து கூடைக்கு இடதுபக்கம் சுவரில் பட்டது. இன்னொன்று எறிந்தாள். அதுவும் இடதுபக்கம். எறிந்துகொண்டே இருந்தாள். சுண்ணாம்புச் சுவரில் பந்தின் அழுக்கு ஒரே இடத்தில், ஒரு தட்டு அகலத்துக்குத் திட்டாகப் பதிந்தது. பிறகு கூடையை எதிர்ச் சுவருக்கு மாற்றிக் கட்டச் சொன்னாள். இப்போது பந்தெல்லாம் வலதுபக்கம் போயின. அங்கேயும் ஒரே இடத்தில்தான் அழுக்கு.

"ஏங்க," என்றாள். "நடுங்குற கையின்னா பந்து அங்கிட்டும் இங்கிட்டும்ல போகணும்? ஒரே எடத்துல எப்பிடிங்க அடிக்கும்?"

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இந்த ஹாலில் கூடை கட்டிய சுவர்களைப் போலவே லோயர் கேம்ப் மைதானத்திலும் வளையங்கள் வடக்கிலும் தெற்கிலும் இருக்கின்றன. காற்று மேற்கிலிருந்து வருகிறது. காற்று தள்ளும் என்று கணக்கு வைத்து, எந்தப் பக்கம் எறிந்தாலும் கை தானாகவே மேற்கே கொஞ்சம் விலக்கி எறியப் பழகிவிட்டது. வளையங்கள் அதே திசையில் இருந்தும் காற்றே இல்லாத கோயம்புத்தூர் அரங்கத்தில் முதல் பாதியில் இடதுபக்கம் விலகும், பக்கம் மாறியதும் வலதுபக்கம் விலகும். பார்க்கிறவர்களுக்குக் கை நடுங்குவது மாதிரித்தான் தெரியும். மூன்று வருடமாக அவளுக்கே அப்படித்தான் தெரிந்தது.

மாரீஸ்வரி மணமேடைப் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். பயந்தாங்கொள்ளி இல்லை என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவளுக்கு, ஒரு சுவர் சொல்லிவிட்டது. சுரேஷ்கண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "வேப்பிலைக்கு வேலையே இல்லாமப் போச்சே" என்றான். அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் ஏசுதாசனிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்படின்னா தாயி," என்றார், "தேனியில நாம ஜெயிச்சதெல்லாம்? வந்தவளுக கை உதறுனது நம்மளப் பாத்து இல்ல. அதுவும் காத்துதேன்."

இது மாரீஸ்வரிக்குத் தோன்றியிருக்கவில்லை. தோல்விக்குக் காற்றைக் காரணம் சொன்னால் வெற்றியையும் அதற்கே எழுதிக்கொடுக்க வேண்டியதுதான். அப்படிப் பார்த்தால் இது நல்ல அணியா, வெறும் காற்றடிக்கிற அணியா என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. பயந்தாங்கொள்ளி என்ற பட்டம் போன இடத்தில் இப்போது இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்தது. ஆனால் இது பரவாயில்லை. இதற்குப் பதில் தேட முடியும். "தெரிஞ்சுக்கிருவோம்ணே" என்றாள்.

மண்டப முதலாளி செல்வமணியிடம் போய்க் கேட்டார்கள். சும்மா கிடக்கிற ஹால்தானே என்று அவர் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, மணமேடை இருக்கிற இடத்தில் செருப்பு, ஷூ எதுவும் கூடாது. அப்படியாக அந்த ஆடி மாதம் முழுவதும் லோயர் கேம்ப் அணி கம்பத்தில், கல்யாண மண்டபத்தில், வெறுங்காலோடு பாஸ்கட்பால் ஆடியது. மேடைப் பூ அலங்காரத்துக்கு வைத்திருந்த இரும்புச் சட்டத்தில் சுரேஷ்கண்ணன் நிஜ வளையத்தையே மாட்டிவிட்டான். மின்விசிறி போடக் கூடாது, அதுவும் காற்றுதான். வேர்த்து ஊற்றியது. ஆடியில் மண்டபத்துக்குள் தடதடவென்று சத்தம் கேட்கிறதே, எந்த வீட்டுக் கல்யாணம் என்று தெருவில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மணமேடைக்கு முன்னால் சிம்ரன் எம்பிக் குதிப்பதைக் கண்டு வந்த வழியே திரும்பிப் போனார்கள். செல்வமணி முதல்நாள் ட்யூப்லைட்டுக்குப் பயந்து காவலுக்கு வந்தார். அப்புறம் தினமும் வந்து மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏத்தா ஓவியா, பந்த அங்கன கொடு, அங்கன" என்று கோச்சுக்கு மேல் கோச்சாகிவிட்டார்.

பழகிய கையைத் திருத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. மாரீஸ்வரி கடையில் போல்ட்டு நட்டு எடுத்துக் கொடுக்கும்போதுகூட மனசுக்குள் நேராக எறிந்துகொண்டிருந்தாள். ஒருவழியாகக் கை நேரானது. நேரான நேரத்தில் தேனிச் சுற்று வந்து தொலைத்தது. திறந்தவெளி, ஆடிக் காற்று. பந்து கண்டபடி கிழக்கே ஓடியது. ஊதித் தள்ளிய ஊரிலேயே இந்தத் தடவை தட்டுத் தடுமாறி, சிம்ரன் வளையத்துக்குக் கீழே முட்டி மோதிப் போட்ட பாயிண்டுகளில்தான் கரையேறினார்கள். பார்க்க வந்திருந்த மொக்கம்மாளுக்கு ஒரே ஆத்திரம். "இங்கனயாவது நல்லா ஆடிக்கிட்டு இருந்தீக. அதையும் கெடுத்துட்டீகளா?" என்றாள். உள்ளதும் போய்விட்டதோ என்று மாரீஸ்வரி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

ஆவணியில் கோயம்புத்தூர். அதற்குள் மண்டபங்கள் விழித்துக்கொண்டன. செமி பைனலுக்கு மறுநாள் முகூர்த்தம், அதனால் சுரேஷ்கண்ணன் வர முடியவில்லை. செமி பைனலில் எதிரணி சென்னை. போன வருடம் இவர்களை வீட்டுக்கு அனுப்பிய அதே பெண்கள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் மாரீஸ்வரி கையை உயர்த்திப் பார்த்தாள். காற்று இல்லை.

முதல் பந்து அவளிடம்தான் வந்தது. நேராக எறிந்தாள். வளையத்தில் முட்டி வெளியே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. சென்னை பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். காற்றும் இல்லை, கையும் கோணல் இல்லை, அப்புறம் ஏன் விழவில்லை? ஒருவேளை எல்லாரும் சொன்னதுதான் உண்மையோ? சுவர் சொன்னது பொய்யோ? ஓவியா பந்தை மறுபடியும் அவளுக்கே கொடுத்தாள். பக்கத்தில் இவர்கள் அணியின் திரிஷா, தடுக்க எதிராளி யாரும் இல்லாமல் நின்றாள். போன வருடமாக இருந்தால் பந்து அந்த நொடியே திரிஷாவிடம் போயிருக்கும். மாரீஸ்வரிக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் எறிந்தாள்.

பந்து வளையத்தைத் தொடாமல் வலையை மட்டும் தொட்டு இறங்கியது.

அதற்கப்புறம் அவள் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. விழுந்தவை உண்டு, விழாதவையும் உண்டு. விழாதபோது சும்மா விழவில்லை, அவ்வளவுதான், எல்லாருக்கும் விழாமல் போகிற மாதிரி. பயம் வரத்தான் செய்தது. வந்தால் வரட்டும் என்று எறிந்தாள். இதைப் பூசாரியும் சொல்லவில்லை, ஏசுதாசனும் சொல்லவில்லை. கடைசி விசில் ஊதியபோது லோயர் கேம்ப் ஆறு பாயிண்டு முன்னால் இருந்தது. ஏசுதாசன் விளம்பரத் தட்டிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். சிம்ரன் அவரைத் தேடிப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவருக்குத் தரையில் கால் பாவவே கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் காலையில் பைனல். உள்ளூர்க் கோயம்புத்தூர் அணியோடு. அரங்கம் நிறைந்த கூட்டம்.

மத்தியானம் மண்டபத்தில் முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது சுரேஷ்கண்ணனின் போன் அடித்தது. நாதஸ்வரச் சத்தத்திலிருந்து தப்பித்துச் சமையல்கட்டுக்கு ஓடினான்.

"தோத்துட்டோம்ங்க" என்றாள் மாரீஸ்வரி. "மூணு பாயிண்டுல."

என்ன சொல்லித் தேற்றுவது என்று அவன் தேடும்போதுதான் அவள் சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது. பின்னால் ஓவியா ஏதோ கத்திக்கொண்டிருந்தாள், சிம்ரன் விசிலடித்துக்கொண்டிருந்தாள். தோற்றுத் திரும்புகிற அணியின் வேன் சத்தமாகவே அது இல்லை.

"தோத்துட்டு ஏன்த்தா சிரிக்கிற?"

"ஆட்டம் ஆரம்பிச்சதுமே அவுக கோச்சு பெஞ்சுல இருந்து கத்துறாருங்க. ஏழாம் நம்பரை விட்றாதீங்க, அவ கையில பந்து போகவே கூடாதுன்னு. ஏழாம் நம்பர் நாந்தேன். எனக்கு ரெண்டு ஆளு போட்டாக. ஒருத்தி இல்லீங்க, ரெண்டு பேரு. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் என்னய விட்டு நகரல."

"நீ என்ன செஞ்ச?"

"ரெண்டு பேரு எங்கிட்ட நின்னா சிம்ரனுக்கு ஆளு கம்மியாத்தான இருக்கும்? பந்த அவளுக்குக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். பயந்துக்கிட்டுக் கொடுக்கலீங்க." சிரிப்பு அடங்கியிருந்தது. "அந்த ரெண்டு பேரு மொகத்தையும் பக்கத்துல பாத்தேன். காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்களப் பாத்து அவுகளுக்குப் பயமுங்க."

சாம்பார் வாளியோடு வந்தவர்கள் வழி கேட்டார்கள். சுரேஷ்கண்ணன் சுவரோரம் ஒதுங்கி நின்று, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.